மருத்துவமனை விடுதியான கதை: மார்செய் ஓத்தெல் தியூ, ஒரு நிகழ்வு ஆய்வு

தெற்கு பிரான்சின் மார்செய் நகரில், பழைய துறைமுகத்தின் வடகரையில் நின்று, நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்னால் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால் மேட்டில் ஒரு நீண்ட கல் கட்டடம் தெரியும். நடுவே ஒரு கட்டு, இருபுறமும் துறைமுகத்தை நோக்கி நீளும் இரண்டு கட்டுகள், மாடிக்கு மாடி வளைவு வளைவாகத் தாழ்வாரங்கள். எதிர்க்கரைக் குன்றில் நோத்ர தாம் த லா கார்த் தேவாலயம். ஊரிலேயே இதைவிட நல்ல காட்சி கிடைக்கும் இடம் குறைவு. இப்போது அது 194 அறைகள் கொண்ட ஐந்து நட்சத்திர இன்டர்கான்டினென்டல் விடுதி. 1993 வரைக்கும் அது ஏழை பணக்காரர் எல்லோரும் போன மருத்துவமனை. பெயர் ஓத்தெல் தியூ.

இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே கட்சிதான். பாழாய்ப் போக இருந்த ஒரு 18ஆம் நூற்றாண்டுச் சின்னம் அழகாக மீண்டது என்று ஒரு கட்சி, ஊர்ச் சொத்தைப் பணக்காரர்களுக்குத் தாரை வார்த்துவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியுமே மரபுப் பாதுகாப்புச் சட்டம் செய்யாத ஒரு வேலையை அது செய்ததாகவோ, செய்யத் தவறியதாகவோ நினைத்துக்கொள்கிறது. அந்தச் சட்டம் இந்தக் கட்டடத்தில் உண்மையில் எதைக் காத்தது, எது அதன் கைக்கு எட்டாமலே இருந்தது என்பதுதான் இங்கே நான் பார்க்க நினைப்பது.

கட்டடத்தின் கதை

ஓத்தெல் தியூ என்பது பிரான்சின் பழைய ஊர்களில் எல்லாம் இருந்த தரும ஆஸ்பத்திரி. மார்செய்யில் அந்த மேட்டில் 12ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு மருத்துவமனை இருந்தது. 1593இல் அது இன்னொரு மருத்துவமனையோடு சேர்க்கப்பட்டு ஓத்தெல் தியூ ஆனது. 1720இல் கிராந்-சேந்த்-அந்த்வான் என்ற கப்பல் கிழக்கு மத்தியதரைக் கடல் துறைகளிலிருந்து சரக்கோடு கொள்ளைநோயையும் கொண்டுவந்து இறக்கியது. சுமார் 90,000 பேர் வாழ்ந்த நகரத்தில் ஏறக்குறைய 40,000 பேர் செத்தார்கள். அந்த நோய்க்காலத்தில் தானாக முன்வந்து இந்த ஊருக்கு வந்த இளம் அறுவை மருத்துவர்தான் ழாக் தாவியெல். பிற்பாடு இதே ஓத்தெல் தியூவில் பணியாற்றினார். கண்புரையை ஊசியால் உள்ளே தள்ளிவிடும் பழைய முறையை விட்டுவிட்டு, மங்கிய லென்சையே வெளியே எடுக்கும் முறையைக் கொண்டுவந்தவர் அவர். இன்று உலகம் முழுக்க நடக்கும் கண்புரை அறுவைக்கு அதுதான் ஆரம்பம். விடுதிக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம், பழைய நீதிமன்றம், இப்போது அவர் பெயரில்தான் இருக்கிறது. அது நகராட்சியின் கையிலேயே இருக்கிறது என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாம் பார்க்கும் கட்டடத்தின் வேலை 1753இல் தொடங்கியது. வரைபடம் ழாக் அர்துவான்-மான்சார் த சகோனுடையது. வெர்சாய் அரண்மனையைப் பெரிதாக்கிக் கட்டிய ழுல் அர்துவான்-மான்சாரின் பேரன் இவர். திட்டம் பெரியது, கையில் பணம் இல்லை. வேலை நின்றது, தொடர்ந்தது, மறுபடி நின்றது. நடுவில் ஒரு புரட்சியே வந்து போனது. கடைசியில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1860களில்தான் கட்டடம் முழுமை பெற்றது. அதனால் 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி 19ஆம் நூற்றாண்டுடையது. பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இது முக்கியம். எந்தக் காலத்து நிலையை மூல நிலை என்று எடுத்துக்கொள்வது என்ற சண்டை, இப்படி நூறு வருஷம் இழுத்துக் கட்டப்பட்ட எந்தக் கட்டடத்திலும் வரும்.

1943, ஒரே மாதத்தில் இடிப்பும் சட்டமும்

இந்தக் கட்டடம் நிலைத்து நின்றதற்குச் சட்டத்தைவிட அது நின்ற உயரம்தான் முதல் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1943 ஜனவரியில் ஜெர்மன் படையும், ஜெர்மனியோடு ஒத்துழைத்த அன்றைய பிரெஞ்சு அரசான விஷி அரசின் காவல்துறையும் சேர்ந்து பழைய துறைமுகப் பகுதியைச் சுற்றிவளைத்தன. ஜெர்மானியர்களோடு பேச்சு நடத்த பிரெஞ்சுக் காவல்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த ரெனே பூஸ்கேவே நேரில் வந்திருந்தார். 20,000க்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1,642 பேர் ரயிலேற்றி அனுப்பப்பட்டார்கள். பிப்ரவரியில் வெடிமருந்து வைத்து ஏறக்குறைய 1,500 கட்டடங்களைத் தரைமட்டமாக்கினார்கள். 14 ஹெக்டேர் பரப்பு. துறைமுகக் கரையிலிருந்து மேடு ஏறும் வழி வரைக்கும் மண்மேடு. 17ஆம் நூற்றாண்டு நகராட்சிக் கட்டடம், வைரமுனை போலச் செதுக்கிய கற்களைக் கொண்ட மேசோன் தியமாந்தே, 16ஆம் நூற்றாண்டு ஓத்தெல் த காப்ர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த ஓத்தெல் த காப்ர் வீட்டைப் பிற்பாடு 1954இல் புதிய தெருவின் திசைக்குப் பொருந்துவதற்காக அப்படியே முழுசாகத் தூக்கி 90 டிகிரி திருப்பி வைத்தார்கள். அது தனிக் கதை.

ஓத்தெல் தியூ அந்த அழிவின் விளிம்புக்குச் சற்று மேலே நின்றுகொண்டிருந்தது. தப்பியது.

இதில் ஒரு குரூரமான பொருத்தம் உண்டு. பிரான்சில் எந்த வரலாற்றுச் சின்னத்தைச் சுற்றியும் 500 மீட்டர் வட்டத்துக்குள், சின்னத்திலிருந்தோ சின்னத்தோடு சேர்ந்தோ கண்ணில் படும் கட்டுமான மாற்றங்களுக்கு அரசின் கட்டடக் கலைஞர் ஒப்புதல் வேண்டும் என்ற விதி இருக்கிறதே, இன்றைக்கும் வீட்டுச் சன்னலை மாற்றப் போகிறவர்கள் அலுத்துக்கொள்ளும் அந்த விதி, அது 1943 பிப்ரவரி 25ஆம் தேதிச் சட்டத்தில் வந்தது. அதாவது மார்செய்யில் கடைசி வெடி வெடித்து தூசி அடங்குவதற்குள். சட்டம் போட்டதும் அதே விஷி அரசுதான். கணக்குப் போட்டால் 500 மீட்டர் வட்டம் என்பது சுமார் 78 ஹெக்டேர். ஒரே ஒரு சின்னம் இருந்தாலே, இடித்த பரப்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் அதன் பாதுகாப்பு எல்லைக்குள் வந்துவிடும். மரபைக் காப்பதும் மக்களைக் காப்பதும் ஒரே அரசின் இரண்டு வேறு வேறு அலமாரிகளில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

போருக்குப் பிறகு அந்த வெற்றிடத்தில் துறைமுகத்தை ஒட்டி ஃபெர்னான் புய்யோன் கட்டிய கல் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுக்குப் பின்னால், மேலே, ஓத்தெல் தியூ முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தது. சந்துகளுக்கு நடுவே இருந்த ஆஸ்பத்திரி நகரத்தின் முகமாக மாறியது இப்படித்தான். அறுபது வருஷம் கழித்து ஒரு விடுதி நிறுவனத்தின் கண்ணில் பட்டதற்கும் இதுதான் அடிப்படை.

1963: எந்த அளவுப் பாதுகாப்பு?

பிரான்சில் கட்டடப் பாதுகாப்பின் அடிப்படை 1913 டிசம்பர் 31 சட்டம். அதில் இரண்டு படிகள். மேல்படி வகைப்படுத்தல்: நாடு முழுவதற்கும் முக்கியம் என்று கருதப்படும் கட்டடங்களுக்கு. அமைச்சரகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது, உரிமையாளர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அரசாணை மூலமாகவே வகைப்படுத்திவிடலாம். கீழ்ப்படி பதிவு: காப்பாற்றும் அளவுக்கு மதிப்பு உண்டு, ஆனால் உடனடியாக மேல்படிக்கு ஏற்றத் தேவையில்லை என்று கருதப்படுபவற்றுக்கு. பதிவு என்பது முகப்பு, கூரை, படிக்கட்டு என்று ஒரு கட்டடத்தின் சில பகுதிகளுக்கு மட்டும்கூட இருக்கலாம்.

மார்செய் ஓத்தெல் தியூவுக்கு 1963இல் கிடைத்தது பதிவுதான். கீழ்ப்படி.

அந்தக் காலத்தில் பதிவு பெற்ற கட்டடத்தில் வேலை செய்ய நினைக்கும் உரிமையாளர் நான்கு மாதம் முன்கூட்டியே அரசுக்குச் சொல்ல வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அரசுக்கு இருந்த ஒரே வலுவான ஆயுதம், வகைப்படுத்தும் நடவடிக்கையைத் தொடங்குவது. 2005ஆம் ஆண்டு மாற்றத்துக்குப் பிறகு, பதிவுக் கட்டடத்துக்கான கட்டுமான அனுமதிக்கே மரபுத் துறையின் இசைவு தேவை என்று ஆகிவிட்டது, அதனால் இரண்டு படிகளுக்கும் இடையில் முன்பு இருந்த அளவு தூரம் இப்போது இல்லை. ஆனால் 1963இல் அது நிஜமாகவே மென்மையான கைப்பிடிதான். இயங்கிக்கொண்டிருக்கும் மருத்துவமனைக்கு அதுதான் பொருத்தம் என்றும் சொல்லலாம். ஒரு புதுக் கருவி வைக்கச் சுவரில் துளை போட வேண்டும், லிஃப்ட் வேண்டும், குழாய் மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் பாரிசிலிருந்து கடிதம் வரும்வரை நோயாளி காத்திருக்க முடியாது.

இன்னொன்று, இரண்டு படிகளில் எதை எடுத்தாலும் அது பேசுவது பொருளைப் பற்றி மட்டுமே. கல், கூரை, வளைவு, கைப்பிடிச் சுவர். உள்ளே யார் படுப்பார்கள், யார் காசு கொடுப்பார்கள், வாசல் யாருக்குத் திறக்கும் என்பதில் 1913 சட்டத்துக்கு வேலை இல்லை. மருத்துவமனையாக இருந்ததனால்தான் அந்தக் கட்டடம் அந்த வடிவத்தில் இருந்தது, நீண்ட வரிசையான கூடங்களும் அவற்றை இணைக்கும் தாழ்வாரங்களும் நோயாளிகளுக்காகத்தான். ஆனாலும் நோயாளி போய்விட்டால் வடிவம் மட்டும் பாதுகாக்கப்படும். இது சட்டத்தில் உள்ள ஓட்டை என்று நான் நினைக்கவில்லை. அதன் வரம்பு அவ்வளவுதான்.

நோயாளிகள் போன பிறகு

1993இல் மருத்துவமனை மூடப்பட்டது. காரணத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. ஐரோப்பா முழுக்க நகர நடுவில் இருந்த பழைய மருத்துவமனைகளுக்கெல்லாம் நேர்ந்ததுதான். நவீன அறுவைக் கூடமும் கதிர்வீச்சுப் பிரிவும் பழைய வளைவுகளுக்குள் அடங்காது, ஆம்புலன்ஸ் மேட்டுத் தெருக்களில் ஏறுவது சிரமம், பெரிய வளாகங்கள் வேறு இடத்தில் வந்துவிட்டன. அதன் பிறகு 2006 வரை செவிலியர் பயிற்சிக்காக ஒரு பகுதி பயன்பட்டது. அப்புறம் காலி.

காலியாக நிற்கும் பழைய கட்டடத்துக்கு இடிப்பவனைவிடப் பெரிய எதிரி மழைநீர். ஒரு ஓடு விலகினால் போதும். யாரும் இல்லாத கட்டடத்தில் அது ஒழுகுவதைப் பார்க்க ஆளில்லை, உத்தரம் உளுக்கும், தளம் தொய்யும், திருடர்கள் ஈயத்தையும் செம்பையும் பிடுங்கிப் போவார்கள். சின்னமாகப் பதிவாகியிருப்பது இதில் எதையும் தடுக்காது. பராமரிக்காத உரிமையாளரைச் சட்டம் கட்டாயப்படுத்தலாம், ஆனால் அது நடைமுறையில் வகைப்படுத்தப்பட்ட கட்டடங்களுக்குத்தான், அதுவும் அபூர்வமாக. ஆகவே நகராட்சி முன் இருந்த கேள்வி நேரடியானது: இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு யார் செலவு செய்வது?

மேயர் ழான்-குளோத் கோதானின் நகராட்சி எடுத்த முடிவு, ஆக்ஸா காப்பீட்டு நிறுவனத்தின் சொத்துப் பிரிவுக்கு 99 ஆண்டுக் குத்தகை. விற்பனை இல்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் இந்த நீண்டகாலக் குத்தகை 18 முதல் 99 ஆண்டு வரை போகலாம். குத்தகைக்காரர் கிட்டத்தட்ட உரிமையாளர்போல நடந்துகொள்ளலாம், அடமானமும் வைக்கலாம். தவணை முடிந்ததும் அவர் கட்டியது, புதுப்பித்தது எல்லாம் நிலத்தோடு சேர்ந்து நகரத்துக்கே திரும்பும், பொதுவாக இழப்பீடு கிடையாது. 22ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடம் மீண்டும் மார்செய்க்காரர்களுடையது. இப்போது உயிரோடிருக்கும் மார்செய்க்காரர்களில் அதைப் பார்க்கப் போகிறவர்கள் மிகச் சிலரே.

நேரமும் ஒத்துவந்தது. 2013இல் மார்செய் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம். 1995இலிருந்தே யூரோமெடிதெரானே என்ற பெயரில் துறைமுகப் பகுதி புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தது, 2001இல் பாரிசிலிருந்து அதிவேக ரயில் மூன்று மணி நேரத்தில் வரத் தொடங்கியிருந்தது, மூசெம் அருங்காட்சியகம் 2013 ஜூனில் திறக்க இருந்தது. விடுதி அந்த ஆண்டு ஏப்ரலில் திறந்தது. காலி ஆஸ்பத்திரி ஒரு சுமையாக இருந்த ஊரில் அது திடீரென்று துருப்புச் சீட்டானது.

கட்டடக் கலைக் கோணத்தில் வேலை நன்றாகவே நடந்திருக்கிறது என்பது என் கருத்து. நகரத்தை நோக்கிய முகம் இருக்கிறது, வளைவுத் தாழ்வாரங்கள் இருக்கின்றன, முற்றம் முற்றமாகவே இருக்கிறது. 194 அறை என்றால் 194 குளியலறை, அத்தனைக்கும் குழாய், காற்றோட்டம், தீத்தடுப்பு. இதையெல்லாம் 18ஆம் நூற்றாண்டுக் கல்லுக்குள் முகம் கெடாமல் நுழைப்பது லேசான காரியம் இல்லை. அதேசமயம் ஒரு கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள் கிடந்த இடத்தை அறை அறையாகத் தடுத்த பிறகு, அந்தக் கூடத்தின் நீளம் போய்விடுகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு 1753 தெரிகிறது. உள்ளே போனவருக்கு, உலகில் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய வசதியான விடுதி தெரிகிறது.

மேல்படியில் இருந்திருந்தால்?

வகைப்படுத்தியிருந்தால் இப்படி நடந்திருக்காது என்று சிலர் வாதிடுகிறார்கள். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது, லியோன் நகரத்தின் ஓத்தெல் தியூ. சுஃப்லோ வடிவமைத்த, ரோன் ஆற்றங்கரை நெடுக நீளும் 18ஆம் நூற்றாண்டு முகப்பு, நடுவில் பெரிய குவிமாடம். மருத்துவமனை 2010இல் மூடப்பட்டது, 2011இல் மேல்படி வகைப்படுத்தலே கிடைத்தது. முடிவு? எஃபாழ் கட்டுமான நிறுவனத்துக்கு நீண்டகாலக் குத்தகை. 2019இல் இன்டர்கான்டினென்டல், அதே விடுதிப் பெயர். குவிமாடத்தின் அடியில் மதுக்கூடம். கூடவே கடைகள், அலுவலகங்கள், 2019 அக்டோபரில் திறந்து 2020இலேயே மூடிய ஓர் உணவுக்கலை மையம்.

சட்டத்தின் மிக உயர்ந்த படிகூடப் பயன்பாட்டைத் தீர்மானிக்கவில்லை. மேல்படி இருந்ததால் லியோனில் கல்வேலை இன்னும் கறாராக நடந்தது, செலவு கூடியது, அவ்வளவுதான். செலவு கூடக் கூட அதை ஈடுகட்ட யார் வருவார்கள் என்று யோசியுங்கள். பாதுகாப்பு கடுமையாகும்போது பொதுப் பயன்பாட்டுக்கான வாய்ப்பு சில சமயம் குறைகிறது, ஏனென்றால் நூலகத்துக்கோ மாணவர் விடுதிக்கோ அந்தப் பணம் கட்டுப்படியாகாது. மரபு ஆர்வலர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

ஆனால் மார்செய் விஷயத்தில் என்னைத் தொந்தரவு செய்வது வேறு. விடுதி திறந்து ஐந்து வருஷம் கழித்து, 2018 நவம்பர் 5ஆம் தேதி, துறைமுகத்திலிருந்து நடந்தே போகக்கூடிய நோவாய் பகுதியில் ஓபாஞ் வீதியின் 63, 65ஆம் எண் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. எட்டுப் பேர் இறந்தார்கள். பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் யாரும் கட்டாத, சாதாரணமான பழைய குடியிருப்புகள். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 2015இல், அரசுக்காக எழுதப்பட்ட ஓர் அறிக்கை மார்செய்யில் சுமார் 40,000 வீடுகள் குடியிருக்கத் தகுதியற்ற நிலையில் இருப்பதாகவும், 1,00,000 பேர் அவற்றில் வாழ்வதாகவும் சொல்லியிருந்தது. அதற்கு அப்புறம்தான் நகரம் முழுக்க ஆயிரக்கணக்கானோரை ஆபத்தான கட்டடங்களிலிருந்து வெளியேற்றினார்கள்.

500 மீட்டர் விதி பழைய நகரத்து வீட்டின் சன்னல் கதவின் நிறத்தைக் கேட்கும், கூரை ஓட்டின் வகையைக் கேட்கும். தரைக்கு அடியில் ஈரம் ஏறிய உத்தரத்தைப் பற்றி அது கேட்காது. அது அந்த விதியின் வேலையும் இல்லை, வேறு துறையின் வேலை. ஆனாலும் ஒரே நகராட்சி ஒரு பக்கம் ஒரு கட்டடத்துக்கு முதலீட்டாளர், குத்தகை, திறப்பு விழா என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டு, இன்னொரு பக்கம் அதே பழைய நகரத்தின் மீதியைப் பார்க்காமல் விட்டது என்று மார்செய்க்காரர்கள் கோபப்பட்டபோது, அந்தக் கோபத்தை விடுதி மீதான பொறாமை என்று தள்ளிவிட முடியாது. 2020 தேர்தலில் 25 ஆண்டுக்கால ஆட்சி மாறியதில் அந்தக் கோபத்துக்குப் பங்கு இருந்தது.

சரி, வேறு என்ன செய்திருக்கலாம்? பயன்பாடு குறித்த நிபந்தனைகளுக்கு இடம் மரபுச் சட்டம் இல்லை என்றால், குத்தகைப் பத்திரம்தான் இடம். நில உரிமையாளர் நகரம், எழுதும் பேனாவும் அதன் கையில். கட்டடத்தின் ஒரு கட்டுக்குள் மருத்துவ வரலாற்றுக்கான கூடம், வாரத்தில் இத்தனை நாள் முற்றத்தைக் காப்பி வாங்காமலே யாரும் கடந்து போகலாம் என்ற வழியுரிமை, விடுதியைச் சுற்றியுள்ள பழைய குடியிருப்பான லெ பனியே பகுதி மக்களுக்கான ஒரு சிகிச்சை நிலையம், இப்படி எதையும் கேட்கலாம். கேட்டால் குத்தகைத் தொகை குறையும். எவ்வளவு குறைத்துக்கொள்ள ஊர் தயார் என்பது அரசியல் முடிவு, மரபுத் துறை அதிகாரியின் முடிவு அன்று.

பாரிசின் ஓத்தெல் தியூவில், நோத்ர தாம் பேராலயத்தை ஒட்டி நிற்கும் மருத்துவமனையில், 2019இல் இந்த வழியில்தான் போனார்கள். கட்டடத்தின் ஒரு பகுதியை மட்டும் நோவாக்சியா நிறுவனத்துக்கு 80 ஆண்டுக் குத்தகைக்கு விடுவது என்று முடிவாயிற்று. உடல்நலம் சார்ந்த புதுத் தொழில்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் குழந்தைகள் காப்பகத்துக்குமான இடம் திட்டத்திலேயே எழுதப்பட்டது, மீதிப் பகுதி மருத்துவமனையாகவே தொடர்ந்தது. அதற்கும் எதிர்ப்பு இருந்தது, கடைகள் எதற்கு என்று கேட்டார்கள். ஆனால் அங்கே சண்டை எந்தக் கதவு யாருக்கு என்பதைப் பற்றி நடந்தது, குத்தகை கையெழுத்தாவதற்கு முன்பே நடந்தது.